ரோவேனாவுக்குத் தனித் தட்டு

என் தங்கச்சி ரோவேனாவுக்கு டி.பி.ன்னு சீட்டு வந்த அன்னிக்கே அவ தட்டு, டம்ளர், கரண்டி எல்லாத்தையும் தனியா எடுத்து வச்சேன். தப்புன்னு தோணவே இல்ல. பிலிப்பைன்ஸ்ல, எங்க இலோய்லோ ஊர்ல எல்லா வீட்லயும் அப்படித்தான் செய்வாங்க.

"இஸ்திரி போட்ட சூட்டோட பச்சத்தண்ணியில கைய விடாதேன்னு எத்தன தடவ சொன்னேன்? கேட்டியா?"ன்னு வேற கத்தினேன். அவ நாலு வீட்டுத் துணிய துவைச்சுத் தேச்சுக் குடுக்குறவ. அதுலதான் நெஞ்சுல நோய் இறங்கிடுச்சுன்னு எனக்கு அவ்ளோ நிச்சயம்.

சுகாதார நிலையத்துலேர்ந்து மாத்திரை கொண்டு வந்த ஹெர்மினியா தட்டைப் பாத்துத் தலையில அடிச்சுக்கிட்டா.

"அம்மா தாயே, இது சோத்துல வர்றதில்ல. இருமுற காத்துல வருது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தாத, திறந்து வை. சில வாரம் ஒழுங்கா மாத்திரை உள்ள போனா இவகிட்டேர்ந்து பரவறது அநேகமா நின்னுடும். அது இருக்கட்டும், நீயும் இருமுறியே, சளியக் குடு, பாத்துடலாம்."

"என்னுது கரி அடுப்பு இருமல். பதினோரு வருஷமா வாசல்ல கோழி சுட்டு விக்கிறேன். போய் அந்தப் புகைய டெஸ்ட் பண்ணு!"

கோழி வாங்க நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்குப் பெருமை தாங்கல. எவ்ளோ திமிர் பாருங்க.

ரெண்டு மாசத்துல ரோவேனாவுக்குக் காய்ச்சல் விட்டுது, கன்னம் தேறுச்சு. ஆனா தெருவுல பேச்சு விடல. "கோழிய அவ தொடறதே இல்லங்க"ன்னு நானே ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன், அவ காதுல விழ விழ. அவ உள்ளயே உக்காந்திருந்தா.

அப்பதான் அவளுக்கு மணிலாவுல வீட்டு வேலை ஒண்ணு வந்துச்சு. இன்னும் நாலு மாசத்து மாத்திரை பாக்கி.

"ஹெர்மினியா அக்காகிட்ட சீட்டு வாங்கிட்டா அங்கயே மாத்திரை குடுப்பாங்களாம்"னா.

"சீட்டா? அதப் பாத்தா எவ உன்ன வீட்டுக்குள்ள விடுவா? உடம்புதான் தேறிடுச்சே. நிறுத்துடி."

"அவங்க திட்டுவாங்கக்கா."

"திட்டட்டும். அவளா உனக்குச் சோறு போடுறா?"

நான் சொன்னா மறுபேச்சு பேச மாட்டா. மாத்திரைய நிறுத்திட்டு மணிலாவுக்குக் கப்பல் ஏறிட்டா.

அடுத்த வருஷம் அடுப்பு முன்னாடி நின்னு இருமினேன், கையெல்லாம் ரத்தம். எனக்கும் டி.பி.

"இந்த இருமல் எப்ப ஆரம்பிச்சுது?"ன்னு கேட்டா ஹெர்மினியா.

யோசிச்சேன். அவளுக்குச் சீட்டு வர்றதுக்கு முந்தின கிறிஸ்மஸுக்கு முன்னாடியே எனக்கு அது இருந்துச்சு. ரோவேனா இருமினது அதுக்கப்புறம் வந்த ஈஸ்டர் தாண்டி. ஒரே ரூம்ல, சாத்தின ஜன்னலுக்குள்ள, நான் இருமின காத்தைத்தான் அவ இழுத்திருக்கா. ஹெர்மினியா என் பேர அட்டையில எழுதி மாத்திரைய நீட்டினா. திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

ரோவேனாவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்ல வாய் வரல. இன்னிக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே இருந்தேன். ஆறு மாசம் ஹெர்மினியா முன்னாடி நின்னு மாத்திரைய முழுங்கினேன், பொழைச்சேன். அப்புறம்தான் மணிலாவுலேர்ந்து ஃபோன். ரோவேனா ஆஸ்பத்திரியில. பாதியில விட்ட நோய் திரும்பி வந்திருக்கு, இப்ப பழைய மாத்திரைக்கெல்லாம் அடங்க மாட்டேங்குதாம்.

ஓடினேன். அவள நான் கடைசியா பாத்தது அன்னிக்குத்தான். கட்டில்ல துணிய மடிச்சுப் போட்ட மாதிரி கிடந்தா. ரெண்டு பேர் மூஞ்சியிலயும் மாஸ்க்.

"என்கிட்டேர்ந்துதான்டி உனக்கு வந்துச்சு"ன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள அழுதுட்டேன்.

"தெரியும்க்கா. பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதா? டெஸ்ட் பண்ணிக்கோன்னு ரெண்டு தடவ சொன்னேன், நீ புகைன்ன. அப்புறம் விட்டுட்டேன். ஊர் என்னையவே பேசட்டும், உன்கிட்ட கோழி வாங்க ஆள் வரட்டும்னு."

அப்புறம் அவளே கேட்டா.

"உனக்கு மாத்திரை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"முழுசா முடிச்சியா?"

"ம்."

"ஒரு நாள்கூட விடாம?"

"விடல."

"அப்பாடா!"ன்னா. மாஸ்க்குக்கு மேல கண்ணு சிரிச்சுது. நிஜமாவே சந்தோஷப்பட்டா, பாவி மக.