கத்சுபே வீட்டு இனிப்பு

மட்சுவே ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே காற்று சயோகோவின் குடையைப் பிடித்து, கம்பிகளை ஒரே திருப்பாகத் திருப்பிவிட்டது. புதுக் குடை. மகனைப் பார்க்கப் போகிறோமே என்று ஒகயாமாவில் ஆசையாக வாங்கியது.

"இந்த ஊர்ல குடை வாங்குறதே தண்டம்மா," என்றான் கெய்ஜி, தன் குடையை அவள் பக்கம் சாய்த்தபடி. "மழை பக்கவாட்டுலதான் அடிக்கும்."

"விருந்தாளின்னா உங்க ஊருக்கு ஆகாது போல."

கெய்ஜி இங்கே வீட்டோடு மாப்பிள்ளை. மனைவியின் குடும்பத்துக்குப் பழைய இனிப்புக் கடை உண்டு, ஆண் வாரிசு கிடையாது. கல்யாணத்தோடு ஹிராய் என்ற குடும்பப் பெயரை விட்டுவிட்டு கத்சுபே ஆகிவிட்டான். இருந்த ஒரே மகனைத் தூக்கிக் கொடுத்தபோது சயோகோவின் கணவர் வாயைத் திறக்கவில்லை. போன இலையுதிர் காலத்தில் வாயைத் திறக்காமலே போயும் சேர்ந்தார். வரும் ஆகஸ்டில் அவருக்கு முதல் ஓபோன். செத்தவர்கள் வீட்டுக்கு வந்து தங்கிப்போகும் அந்த நாட்களில், விளக்கேற்றி அவரை அழைக்கவும், வாசலில் நின்று வருகிறவர்களுக்குத் தலைவணங்கவும் பிள்ளை வேண்டும். அதைக் கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். தொலைபேசியில் கேட்டால் "பாக்கலாம்மா" என்பான். அந்தப் பாக்கலாமை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

ஊரிலேயே பேர்போன சோபா நூடுல்ஸ் கடைக்குச் சாப்பிட அழைத்துப் போனான். கதவு சாத்தியிருந்தது. செவ்வாய்க்கிழமை விடுமுறையாம்.

"ஏழு வருஷமா இந்த ஊர்ல இருக்கே, இது கூடவா தெரியாது?"

"செவ்வாய்க்கிழமை நான் வெளிய வந்தாத்தானேம்மா தெரியும். கடையில நிப்பேன். இன்னைக்கு அப்பாகிட்ட கேட்டுட்டு வந்தேன்."

சயோகோவுக்கு ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் உறைத்தது. மாமனாரைச் சொல்கிறான்.

பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கடையில் சிப்பி சூப் கிடைத்தது. ஏரிச் சிப்பி, கருகருவென்று. குளிருக்கு அது அமிர்தமாக இறங்கியது. இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள். கைதவறி அதில் பாதியை ஜாக்கெட் கையில் ஊற்றிக்கொண்டாள். கெய்ஜி கைக்குட்டையை நனைத்துத் துடைத்துவிட்டான். அப்போது அவன் அவளுடைய பிள்ளையாகவே இருந்தான்.

அந்தத் தைரியத்தில் படகில் ஏறினாள். கோட்டை அகழியைச் சுற்றிவரும் படகு. அங்கே பாலங்கள் தாழ்வு. பாலம் நெருங்கும்போது படகின் கூரையையே கீழே இறக்கிவிடுவார்கள்.

"குனியுங்க, நல்லாக் குனியுங்க," என்றார் படகோட்டி. "தலை வேணும்னா குனிஞ்சுதான் ஆகணும்."

கூரை முதுகைத் தொடும் அளவுக்கு இறங்கியது. தாயும் மகனும் முழங்காலில் நெற்றி பதியக் குனிந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பக்கவாட்டில் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. அவளுக்கு அழுகை வரும்போலச் சந்தோஷமாக இருந்தது.

"ஓபோனுக்கு வருவியாடா?"

படகு வெளிச்சத்துக்கு வந்தது. கூரை எழும்பியது. கெய்ஜி கரையில் நின்ற கொக்கைக் காட்டினான். அவள் கொக்கைப் பார்க்கவில்லை.

அடுத்த பாலத்துக்காகக் காத்திருந்து, மறுபடி குனிந்ததும் கேட்டாள். "அப்பாவுக்கு முதல் வருஷம்டா."

"ஓபோன்லதாம்மா கடையில கூட்டம் அள்ளும்." கூரை எழும்பியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "பாக்கலாம்மா."

சாயங்காலம் ரயில் கிளம்பும் நேரத்தில், அவன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். "வீட்ல அப்பாவோட பூசை மாடத்துல வெச்சிடும்மா. அவருக்குப் பிடிச்ச பயறு இனிப்பு."

மேலே வெள்ளைத் தாள், கறுப்பு வெள்ளைக் கயிறு அச்சிட்டது. தூரிகையால் 'காணிக்கை' என்று மேலேயும், 'கத்சுபே கெய்ஜி' என்று கீழேயும் எழுதியிருந்தது. அழகான கையெழுத்து. பக்கத்து வீட்டார், அலுவலகத்தார், தூரத்து உறவுக்காரர்கள், இவர்கள்தான் பெயர் எழுதிய தாள் சுற்றிக் காணிக்கை தருவார்கள். பெற்ற அப்பாவுக்கு இனிப்பு வைக்க எந்தப் பிள்ளையும் பெயர் எழுதுவதில்லை.

"யாரு எழுதினது? உன் சம்சாரமா?"

"நான்தாம்மா. காலையில கடையில உக்காந்து எழுதினேன். நல்லா வந்திருக்குல்ல?"

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. நாள் முழுக்க ஊராருக்கு இதையே எழுதிக் கொடுத்துப் பழகிய கை. அப்படித்தான் என்று மனதைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை. ஓபோனுக்கு வா என்று அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, காலையிலேயே இது தயாராக இருந்திருக்கிறது.

"நல்லா வந்திருக்கு," என்றாள்.

ரயில் நகர்ந்தது. நடைமேடையில் கெய்ஜி இடுப்பு வரை குனிந்தான். கடைக்கு வந்த பெரிய மனிதரை வழியனுப்புகிற குனிவு அது. தலை நிமிரவே இல்லை. மடியில் பெட்டியை வைத்திருந்த சயோகோ, என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள், பதிலுக்குக் குனிந்துவிட்டாள். காணிக்கை கொண்டுவந்த அயலாருக்கு வீட்டுக்காரி குனிவது போல, முறையாக.

அவள் நிமிர்ந்தபோது நிலையம் போய்விட்டிருந்தது.