வெறும் டிஸ்க்

என் கணவர் அன்ட்ரூவுக்கும் அவருடைய தம்பி வின்சன்டுக்கும் இடையில் காணிச் சண்டை இருந்ததில்லை. கட்சிச் சண்டையும் இல்லை. இருந்ததெல்லாம் கம்ப்யூட்டருக்கு விண்டோஸா, லினக்ஸா என்கிற ஒரே சண்டைதான். அது எங்கள் கல்யாணத்துக்கு முன்பே தொடங்கியது. ஞாயிறு பூசை முடிந்து இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தால், சோறு போடுவதற்குள் யாராவது ஒருவர் பற்றவைத்துவிடுவார்.

வின்சன்ட் கெலிஓயாவில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறார். போட்டோகொப்பி எடுப்பார், போனுக்கு ரீலோட் போடுவார், பழுதாகி வரும் கம்ப்யூட்டர்களுக்கு விண்டோஸ் ஏற்றிக் கொடுப்பார். அன்ட்ரூ பேராதனையில் ஒரு கணினிக் கூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அங்கே எல்லாமே லினக்ஸ்.

"ஒன் லினக்ஸ்ல ஒரு பிரிண்டர ஓட வைக்க ஒரு தவக்காலம் முழுக்க வேணும்ணே" என்பார் வின்சன்ட்.

"கடைசியில ஓடுதுல்ல? நீ போட்டுக் குடுக்கிற விண்டோஸ் எங்க வாங்கினது? கள்ள சீடி. பாவசங்கீர்த்தனத்துல அதச் சொன்னியா?"

"எப்பிடிச் சொல்றது? ஃபாதரோட கம்ப்யூட்டருக்கும் அதே சீடியிலதானே போட்டேன்."

எங்கள் மகள் அனற், கோழிக்காலைக் கையில் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். "நான் சித்தப்பா கட்சி. சித்தப்பா போன்லதான் கேம் இருக்கு."

"வீட்டுக்குள்ளேயே ஒரு யூதாஸ்" என்று அன்ட்ரூ தலையில் கைவைப்பார்.

சிரித்துக்கொண்டே பேசினாலும் அன்ட்ரூ தன் கொள்கையில் கடுமையானவர். வட்ஸ்அப் வைத்துக்கொள்ளவில்லை. கூகுளில் படம் ஏற்றவில்லை. "அது இன்னொருத்தன் வீட்டு அலுமாரி. நம்ம பிள்ளையோட படத்த ஏன் அங்க கொண்டுபோய் வைக்கணும்?" என்பார். அனற்றின் படத்தையோ குரலையோ யாருக்கும் அனுப்பக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் போனில் இடம் குறைவு. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என் போனில் உள்ளதையெல்லாம் தன்னுடைய ஹாட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு போனைக் காலியாக்கித் தருவார். அன்றைக்கே அனற்றை உட்காரவைத்துக் கொஞ்ச நேரம் பேசவிட்டுப் பதிவு செய்வார். பாட்டு, பள்ளிக்கூடக் கதை, செபம், எதுவானாலும். திங்கட்கிழமை அந்த டிஸ்க்கை வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். வீட்டில் லெப்டொப்பிலும் ஒரு பிரதி இருந்தது. "ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா அது ரெண்டு இல்ல, ஒண்ணுதான்" என்பது அவர் பேச்சு.

எங்கள் வீடு கலஹாப் பக்கம், தேயிலை மலைக்குக் கீழே இருந்தது. மழை விடாமல் பெய்த அந்த வாரத்தில் ஒருநாள், பாதை மூடிவிட்டதால், கண்டிக்கு வேலைக்குப் போயிருந்த நான் அங்கேயே ஒரு சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டேன். அன்றுதான் மலை சரிந்து வீட்டின் மேல் இறங்கியது. அன்ட்ரூவும் அனற்றும் வீட்டில் இருந்தார்கள்.

அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

வின்சன்டும் அவர் மனைவி தினுஷாவும் என்னைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அனற்றைவிட ஒரு வயது மூத்தவள். அடக்கம் முடிந்த பிறகுதான் என் போனைத் திறந்து பார்த்தேன். அந்த ஞாயிறு காலியாக்கியது. உள்ளே இருந்தவை நாலைந்து படங்கள்: குசினிச் சுவரில் விழுந்திருந்த வெடிப்பு, ஒரு மின்சாரப் பில், அனற்றின் முதுகு.

பிறகு யதுர்சன் வந்தான். அன்ட்ரூவோடு வேலை செய்கிற யாழ்ப்பாணத்துப் பையன். ஒரு துணிப்பையிலிருந்து அந்த ஹாட் டிஸ்க்கை எடுத்து என் கையில் வைத்தான்.

"அக்கா, இது அண்ணர் கம்ப்யூட்டர் லாப் அலுமாரியில வைக்கிறவர். வீட்டுப் படங்கள் எண்டு சொன்னவர். நான் இண்டைக்கு ஊருக்குப் போறன். முப்பத்தோராம் நாள் பூசைக்கு வாறன், வரேக்க என்ர லெப்டொப்பில திறந்து காட்டுறன்."

சாவு வீட்டில் சந்தோஷம் என்று எழுதினால் பிழையாக இருக்கும். ஆனால் நான் அந்த டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் சாப்பிட்டேன். அனற்றின் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. அது என் மடியில் இருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்கு நினைவு அட்டை கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் இறந்தவர்களின் படம், மறுபக்கம் செபம். கண்டி அச்சகத்துக்காரர் படத்தைச் சீக்கிரம் கேட்டார். யதுர்சன் திரும்பிவர நாள் இருந்தது. "வாங்க அண்ணி, கடையில போட்டுப் பாப்போம்" என்றார் வின்சன்ட்.

கடையில் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். ஹாட் டிஸ்க்கை மாட்டினார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அனற்றின் முகம் எந்த மூலையில் இருந்து வரும் என்பதுபோல.

ஒரு சின்னப் பெட்டி மட்டும் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு வரி. வின்சன்ட் கழற்றி மறுபடி மாட்டினார். அதே பெட்டி. வேறொரு கம்ப்யூட்டரில் போட்டார். அங்கேயும் அதே பெட்டி.

"என்ன தம்பி?"

அவர் உடனே திரும்பவில்லை. "வெறும் டிஸ்க்கு அண்ணி" என்றார். "இதுல ஒண்ணுமே இல்ல. இன்னும் பாவிக்கவே இல்லபோல. பாவிக்கணும்னா முதல்ல போமட் பண்ணி, துடைச்சுப் புதுசாக்கச் சொல்லுது."

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போட்டாரே."

"எதுல போட்டாரோ. அது வீட்டோட போயிருக்கும். இது சும்மா வாங்கி வச்சதா இருக்கும்."

நான் கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். காதுக்குள் ஒரு இரைச்சல். போட்டோகொப்பி மெஷின் ஓடுகிறது என்று நினைத்தேன். அது நின்றுதான் இருந்தது.

வின்சன்ட் அழுதுகொண்டே வேலை பார்க்கிற மனிதர். சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கிய படங்கள் அவரிடம் இருந்தன. எங்கள் கல்யாணம், அனற்றின் ஞானஸ்நானம், யாரோ வீட்டுப் பிறந்தநாளில் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது. "இருக்கிறதையாவது இதுல போட்டுத் தாறேன் அண்ணி, அண்ணனோட டிஸ்க்கு" என்றார். மவுஸை ஒரு தடவை அழுத்தினார். பிறகு இன்னொரு தடவை. படங்கள் ஏறின. டிஸ்க்கை என் கையில் தந்தார்.

அதற்குப் பிறகான நாட்களில் நான் அன்ட்ரூவோடு சண்டை பிடித்தேன். இறந்தவரோடு அவ்வளவு சண்டை பிடிக்க முடியும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்னொருத்தன் அலுமாரி வேண்டாம் என்றீங்களே, உங்கள் அலுமாரியில் என்ன வைத்தீங்க? கூகுளில் போட்டிருந்தால் இன்று என் பிள்ளை பேசியிருப்பாளே. இருட்டில் படுத்துக்கொண்டு அவள் "அம்மா" என்று கூப்பிடுவதை ஞாபகத்திலிருந்து வரவழைப்பேன். சற்றே கட்டையான, இழுத்துப் பேசுகிற குரல். அது போதும், அதை மறக்கமாட்டேன் என்று சொல்லிக்கொள்வேன்.

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் தினுஷா பிளேன்டீயும் பணிஸும் கொடுத்துக்கொண்டிருந்தாள். நினைவு அட்டையில் அனற் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தாள். யதுர்சன் முதுகில் லெப்டொப் பையோடு வந்தான்.

"அக்கா, டிஸ்க்கைக் கொண்டந்தனீங்களே?"

"அதுல ஒண்ணும் இல்ல தம்பி. வெறும் டிஸ்க்."

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "என்னக்கா சொல்லுறீங்கள்? அது நிறைஞ்சு போச்சு. இடம் காணாது, புதுசு ஒண்டு வாங்கோணும் எண்டு அண்ணர் சொன்னவரே. திங்கக்கிழமைகளில நானும் பாக்கிறனான். அனற் பாடுறது, செபம் சொல்லுறது..." நிறுத்தினான். "விண்டோஸில போட்டனீங்களே?"

வின்சன்ட் பணிஸ் தட்டோடு எங்கள் பக்கத்தில் நின்றார்.

"விண்டோஸுக்கு லினக்ஸ் டிஸ்க்கை வாசிக்கத் தெரியாது" என்றான் யதுர்சன். "தெரியாட்டி, தெரியாது எண்டு சொல்லாது. போமட் பண்ணட்டோ எண்டுதான் கேக்கும். நீங்கள் வேண்டாம் எண்டுதானே குடுத்தனீங்கள்?"

அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு வின்சன்டின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது.

தட்டு கீழே விழவில்லை. வின்சன்ட் அதைக் கவனமாக மேசையில் வைத்தார். ஒரு பணிஸ் சரிந்திருந்ததை நேராக்கினார். பிறகு கோயில் படியில் போய் உட்கார்ந்தார். யாரோ போய் "என்னாச்சு?" என்று தோளைத் தொட்டபோது, "நான் கேக்கவே இல்லியே. உள்ள ஏதாவது இருக்கான்னு யார்ட்டயும் கேக்கவே இல்லியே" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வரட்டும் என்று நின்றேன். வரவில்லை. காதுக்குள் அதே இரைச்சல்.

யதுர்சன் டிஸ்க்கைக் கொண்டுபோனான். போமட் பண்ணினால் எல்லாம் உடனே அழிந்துபோகாது, பெயர்களும் ஒழுங்கும்தான் முதலில் போகும், மேலே புதிதாக ஏற்றிய இடத்தில் இருந்தவை மட்டும் திரும்பக் கிடைக்காது என்றான். பிறகு ஒருநாள் ஒரு புதிய டிஸ்க்கில் கிடைத்ததைக் கொண்டுவந்து தந்தான். ஆயிரக்கணக்கான துண்டுகள். ஒன்றுக்கும் பெயர் இல்லை, திகதி இல்லை, வெறும் இலக்கங்கள். பாதி திறக்கவில்லை. திறந்தவையில் பெரும்பாலானவை அன்ட்ரூவின் வேலைச் சாமான்கள். படங்கள் கொஞ்சம் முழுசாக இருந்தன, கொஞ்சம் பாதியோடு சாம்பல் நிறமாகின. ஒலித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வின்சன்ட் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கடையில் இருந்த நல்ல கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றினார். யதுர்சனுக்கு போன் எடுத்துக் கேட்டுக் கேட்டு, இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். அந்த மெஷினில் வேறு வேலை பார்க்கவில்லை. போட்டோகொப்பி எடுக்க வருகிற பளீல் நானா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன வின்சன்ட், கடைசியில அண்ணன் கட்சிக்கே மாறிட்டீங்களா? அண்ணனுக்குத் தெரிஞ்சா சிரிப்பாரு" என்றார். அவர் கேலியாகத்தான் சொன்னார். வின்சன்ட் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டார்.

ஒரு பின்னேரம் நான் வேலை விட்டு வரும்போது கடை வாசலில் நின்று கைகாட்டினார். உள்ளே போனேன். அதே பிளாஸ்டிக் கதிரை. ஹெட்போனை என் காதில் வைத்தார்.

ஒரு பிள்ளை 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. மெல்லிய குரல், மூக்கால் பேசுகிற மாதிரி. சொற்களுக்கு இடையில் மூச்சே விடாமல் ஓடியது. முடிந்ததும் வின்சன்ட் மறுபடி போட்டார். நான் மறுபடி கேட்டேன். வேலைத்தளத்தில் யாருடைய பிள்ளையையோ அன்ட்ரூ பதிவு செய்திருக்கிறார் என்று நினைத்தேன். ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்றும் நினைத்தேன்.

"நல்லாச் சொல்லுது. இது யாரு பிள்ளை தம்பி?" என்று கேட்டேன்.

வின்சன்ட் என்னைப் பார்த்தார். மவுஸைக் கொஞ்சம் நகர்த்தி அடுத்த துண்டைப் போட்டார். அதே பிள்ளை, அதே ஓட்டம். அதற்கு மேலே அன்ட்ரூவின் குரல்: "மெதுவா, அனற். மாதாவுக்கும் விளங்கணும்ல."

பிள்ளை சிரித்தது. பாதிச் சிரிப்பில் துண்டு அறுந்துவிட்டது.

இவ்வளவு நாளும் நான் இருட்டில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அந்தக் குரலை இல்லை. கட்டையாக, இழுத்து "அம்மா" என்று கூப்பிடுவது தினுஷாவின் மகள். அடுத்த அறையிலிருந்து தினமும் கேட்டுக் கேட்டு, என் பிள்ளையின் குரல் இருந்த இடத்தில் அதை வைத்திருக்கிறேன். என் மேல் ஒருவரும் போமட் பண்ணவில்லை. தானாகவே நடந்திருக்கிறது.

வெளியே கம்பளை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. வின்சன்ட் கடைக் கதவைப் பாதி இழுத்துச் சாத்தினார்.

"இன்னும் எத்தன இருக்கு?" என்று கேட்டேன்.

"நெறைய கிடக்கு அண்ணி. எதுல இருக்குன்னு தெரியாது."

"முதல்ல இருந்து போடுங்க" என்றேன். "அவ குரல் எனக்கு இன்னும் பழகல."