அன்செல்மோவின் பெயர் இல்லாத கடிதம்

முப்பத்தாறு வருஷம் அமெரிக்கத் தூதர் வேலை. எட்டு நாடுகள், ஐந்து அதிபர்கள். ஒரு விஷயமும் சொல்லாமல் ஒரு மணி நேரம் பேசுவேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். இன்னும் பெரிய பதவி ஒன்றுக்கு என் பெயர் போயிருந்தது. அதை உறுதி செய்யும் செனட் விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வாஷிங்டனில் என் வீட்டு வாசலில் மிலாக்ரோஸ் வந்து நின்றாள்.

அன்செல்மோவின் மனைவி. தென் அமெரிக்காவில் நான் தூதராக இருந்தபோது, அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் அன்செல்மோ. ராணுவம் யார் யாரைப் பிடித்து எங்கே அடைத்திருக்கிறது என்று எனக்கு ரகசியமாகச் சொன்னவன் அவன்தான். ஒருநாள் அவனையும் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை.

"நாளைக்கு என் புகலிட வழக்கு ஐயா. அவரு உங்களுக்குத் தகவல் சொன்னாருன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. அங்க போனா என்னையும் முடிச்சிடுவாங்க."

"உட்காரும்மா, காப்பி குடி" என்றேன். வேறென்ன தெரியும் எனக்கு?

எழுதினால் செனட்டில் தோண்டுவார்கள். ரகசியமாகச் சொன்னவன் பெயர் ராணுவத்துக்கு எப்படிப் போயிற்று என்று கேட்பார்கள்.

நான்தான் சொன்னேன். தளபதி வீட்டு விருந்து. விருந்தாளி எழுந்து கோப்பையை உயர்த்தி நாலு பேரைப் புகழ வேண்டும், அது எங்கள் வழக்கம். சமையல்காரியைப் புகழ்ந்தேன், தளபதியின் குதிரையைக்கூடப் புகழ்ந்தேன். கைதட்டல் போதவில்லை எனக்கு. "உங்க அன்செல்மோ மட்டும் இல்லேன்னா இந்த நாட்டைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது!" என்றேன். தளபதி சிரித்துக்கொண்டே தன் கோப்பையை என் கோப்பையோடு இடித்தார். மூன்றாம் நாள் அன்செல்மோ இல்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

உள்ளே போய் எழுதினேன். 'அந்த அமைச்சக ஊழியர்கள் பலரோடு எனக்குப் பொதுவான பழக்கம் உண்டு. இந்த அம்மையார் கூறுவதை மறுக்க என்னிடம் காரணம் ஏதுமில்லை.' கையெழுத்து மட்டும் நன்றாக விழுந்தது.

மிலாக்ரோஸ் இரண்டு முறை படித்தாள். "அவரு பேரு இதுல இல்லையே ஐயா?"

"தகவல் சொன்னவங்க பேரை நாங்க எழுத்துல வைக்கிறதில்லம்மா. அவங்க பாதுகாப்புக்குத்தான்."

கூசாமல் சொன்னேன். என் நாக்கு அழுகிப்போயிருக்க வேண்டும்.

அவள் கண் கலங்கிவிட்டது. "அவரும் இதைத்தான் சொல்வாரு ஐயா. 'அந்த அமெரிக்கக் கெழவன் பேச ஆரம்பிச்சா அறுத்துத் தள்ளிடுவான். ஆனா செத்தாலும் என் பேரை வெளிய விடமாட்டான்'னு." என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். கையை இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

கடிதத்தில் ஒன்றுமே இல்லை என்று நீதிபதி அவள் மனுவைத் தள்ளிவிட்டார். அடுத்த வாரம் செனட்டில் ஓர் எதிர்ப்புக்கூட இல்லாமல் என்னை உறுதி செய்தார்கள். வாழ்த்த வந்தவர்களுக்கு நான் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது, மிலாக்ரோஸை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று ஒருவர் வந்து காதில் சொன்னார்.

வரிசை நீளமாக இருந்தது. கைகொடுத்துக்கொண்டே இருந்தேன்.