ஒரு ஹீட்டுக்கு ஒரு வில்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றின் லேபில் ஸ்டீபனுக்கு வேலை. உலையில் கொதிக்கும் இரும்பை ஒரு கரண்டி மொண்டு, சின்ன வில்லையாக வார்த்து அவனிடம் கொண்டுவருவார்கள். அவன் அதைத் தேய்த்து மிஷினில் வைத்துப் பார்ப்பான். பாஸ்பரஸ் கூடியிருந்தால் அந்த ஹீட் முழுவதும், அதாவது அந்த ஒரு தடவை உருக்கிய அத்தனை டன் இரும்பும், ரிஜெக்ட். மேனேஜரே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றாலும் ஸ்டீபன் அசைய மாட்டான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வம்தான் அவன் புத்தியைக் கெடுத்தது.

அவன் மகள் சோனியாவுக்கு வயது பதினெட்டு. முழங்காலுக்கு மேலே வலி என்றவளுக்கு, வண்டியிலிருந்து விழுந்த அடிதான் என்று தைலம் தேய்த்தே கொஞ்ச காலத்தை ஓட்டினார்கள். சென்னை ஆஸ்பத்திரியில் எலும்பில் புற்றுநோய் என்று சொன்ன பிறகுதான் வீடு விழித்துக்கொண்டது. மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டி, வாந்தி எடுத்து, பெண் பாதியானாள். அடுத்தது ஆபரேஷன். கெட்டுப்போன எலும்பை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலோகம் வைக்க வேண்டும். திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடச் சொன்னார்கள்.

அதற்கு முந்தின வாரம் டாக்டர் நர்மதா ஸ்டீபனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"முதல்ல எடுத்த எலும்புத் துணுக்குல ஒரு புரதம் எவ்வளவு இருக்குன்னு பார்த்தோம். சோனியாவுக்கு அது அதிகமா இருக்கு. அப்படி இருக்கறவங்கள்ல நூத்துக்கு முப்பது பேர்தான் அஞ்சு வருஷம் தாண்டியிருக்காங்க. அதனால ஆபரேஷனுக்கு அப்புறமும் விடாம பார்த்துக்கிட்டே இருக்கணும்."

கடைசி வாக்கியம் ஸ்டீபன் காதில் ஏறவேயில்லை. துணுக்கு எடுத்தார்கள், பார்த்தார்கள், கூடியிருக்கிறது. வருஷக்கணக்காக அவனே தன் கையால் போட்ட தீர்ப்பு. மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து, மனைவி மெர்சியிடம் வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னான். "ஆபரேஷன தள்ளி வச்சிட்டாங்க. அடுத்த மாசம் கூப்புடுவாங்களாம்."

போகப்போகிற பிள்ளை காலில் கத்தி படாமலாவது போகட்டும் என்பது அவன் எண்ணம். மகளுக்குப் பழவேற்காட்டு இறாலாக வாங்கிவந்து போட்டான். அவள் சாப்பிடும்போது முகத்தையே பார்த்துவிட்டு, பின்பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவான். பாசம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அவன் செய்துகொண்டிருந்தது பிள்ளையைக் கொல்லும் வேலை. அது அவனுக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை போயிற்று. செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. மெர்சிக்குப் போன் போட்டான்.

"ஆஸ்பத்திரியில கீறோம். ஏன் வரலன்னு சோனியா போனுக்கு நர்ஸம்மா பேசுனாங்க. இன்னாத்துக்குயா பொய் சொன்ன?" என்று கத்திவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

ஸ்டீபனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யூனிபார்மோடு ஸ்டேஷனுக்கு ஓடி ரயிலைப் பிடித்தான். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே டாக்டர் எதிரே வந்தார்.

"சாம்பிளே பெயிலாயிடுச்சே மேடம். அப்புறம் இன்னாத்துக்குப் புள்ள கால கிழிக்கணும்? எங்க கம்பெனில ஒரு வில்ல போச்சுன்னா மொத்த ஹீட்டும் போச்சு."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. அவன் வில்லைக் கதையைச் சொல்லி முடித்ததும்தான் விளங்கிற்று.

"உங்க வில்லையும் உலையில இருக்கறதும் ஒரே இரும்பு. அதனால அது சொன்னா சொன்னதுதான். இந்த டெஸ்ட் சோனியாவோட முடிவைச் சொல்லலைங்க. இவளை மாதிரி இருந்த நூறு பேரைப் பத்திச் சொல்லுது. அதுல இவ எந்தப் பக்கம்னு எனக்கும் தெரியாது. இன்னொண்ணு. அந்த நூறு பேரும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க."

"பண்ணிக்காதவங்க?"

டாக்டர் இல்லை என்று தலையை அசைத்தார். "வியாழக்கிழமை பண்ணிடலாம். உள்ள போய்ப் பொண்ணுகிட்ட பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சோனியா தலையில் துணி கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மெர்சி அவன் பக்கம் திரும்பவேயில்லை.

"நைனா, நான் செத்துடுவேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

ஸ்டீபன் கட்டில் அருகே போனான். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னான். "நூத்துக்கு முப்பது பேருதான் பொழைக்கறாங்களாம்மா. அத்த கேட்டதும் எனுக்கு ஒண்ணும் ஓடல."

சோனியா சட்டென்று திரும்பினாள். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"முப்பது பேரா?"

"ஆமா."

"நெஜமாவா நைனா? நீ இறாலு வாங்கியாந்து போட்டுட்டு அழுதுக்கினு போறத பாத்து, ஒருத்தருமே பொழைக்க மாட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். யம்மா, கேட்டியா? முப்பது பேராம்!"

ஸ்டீபன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அந்த முப்பது பேரை இந்த நிமிஷம்வரை அவன் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.