நொய்யற்கரையில் ஆறு மனைகள்

மேற்கே வெள்ளியங்கிரி மலைத்தொடர் பனிப்போர்வையைத் தோள்வரை இழுத்து மூடிக்கொண்டு, எழலாமா வேண்டாமா என்று எண்ணிக்கிடக்கும் முதியவரைப் போலச் சாய்ந்திருக்க, அதன் அடிவாரத்தில் பிறந்து, தென்னந்தோப்புகளின் நிழலைச் சுமந்து, வாழையும் மஞ்சளும் கண்டு களித்து, பேரூர்க் கோயிலின் மணியோசையைச் செவிமடுத்துக் கிழக்கு நோக்கி நடக்கும் நொய்யலாறு, தொண்ணூற்றாறாம் ஆண்டின் தைத் திங்களில் வெள்ளிக்கம்பி போல் மெலிந்து ஒளிர்ந்தது. தொலைவில் நின்று காண்பவர்க்கு அவ்வளவும் அழகே. கிட்ட வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். கோவை நகரம் தன் எச்சில் இலை முதல் உடைந்த கட்டில்கால் வரை அனைத்தையும் அக்கரையிற் கொட்டத் தொடங்கிப் பல்லாண்டு ஆயின. படிப்பவர் முகம் சுளிக்க வேண்டா, உள்ளது அதுவே.

அக்கரைக்குப் பழைய உரிமை ஒன்று இருந்தது. பொங்கலை ஒட்டி வரும் பூப்பறிக்கும் நோம்பியன்று, பெண்டிரும் சிறுமியரும் ஆவாரம்பூவைக் கூடை நிறையப் பறித்து, முறுக்கும் கரும்பும் கையிலேந்தி ஆற்றுக்கு வந்து, கும்மி கொட்டி, ஓடியாடி, பூவை நீரில் விட்டு வீடு திரும்புவர். குப்பைமேடு உயர உயர அந்நோம்பி சுருங்கிச் சுருங்கி நின்றே போயிற்று. அதனை மீட்பதென்று துணிந்து, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ராமாமணியம்மாள் முன்னிற்க, முப்பது பேர் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து, கூலி எதுவும் கொள்ளாமல், வேலிக்கருவேலை வெட்டி, நெகிழிப்பைகளை வாரி, கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக் கரையில் ஒரு திடலையே பிறப்பித்தனர்.

கூலி கொள்ளாமல் என்பதுதான் மாசாணத்தை ஐயுற வைத்தது.

அத்திடலை அடுத்துப் பதினொரு பாத்திகளில் கீரை விளைத்து, மனைவி சாந்தாமணியின் தலைக்கூடையில் ஏற்றித் தெருத்தெருவாக விற்று வாழ்ந்தவர் மாசாணம். அகவை எழுபது. எழுத்து அறியார்; எண் அறிவார். அந்நிலத்துக்கென ஒரு துண்டுத் தாளும் அவரிடம் இல்லை. ஆறு விட்டுக்கொடுத்த மண், அவர் முதுகு வளைந்து திருத்திய மண், அவ்வளவே. இதற்கு முன் ஈரிடங்களில் இவ்வாறே கீரை விதைத்து, ஈரிடங்களிலும் துரத்தப்பட்டவர். முதலில் ஒருவன் வந்து நாடா பிடித்து அளப்பான், சிரிப்பான், தண்ணீர் வாங்கிக் குடிப்பான். அடுத்துச் சுண்ணாம்புக் கோடு வரும். அதன்பின் கல் வரும். அதன்பின் மதில். இம்முறை பிறழ அவர் கண்டதில்லை.

நோம்பிக்கு முந்திய நாள் பிற்பகலில், தொண்டர் கூட்டத்தைச் சேர்ந்த அப்துல் முத்தலிப் என்பவர், கோட்டைமேட்டில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர், தோளில் நாடாவும் கையில் சுண்ணாம்புத் தகரமுமாகத் திடலுக்கு வந்தார். நூல் பிடித்தாற்போல் ஏழு நெடுங்கோடுகள் இழுத்து, இடைவெளிகளின் தலைப்பில் ஒன்று முதல் ஆறு வரை எண்ணும் இட்டார். சிரித்தார். சாந்தாமணியிடம் தண்ணீரும் வாங்கிக் குடித்தார். மாசாணத்துக்கு அதற்கு மேல் சான்று வேண்டியிருக்கவில்லை.

“பாத்தியா அம்மணி, சைட்டு போட்டுட்டானுக. ஆறு சைட்டு. நம்பரு கூடப் போட்டாச்சு.”

“ஏனுங்க, நாலடி அகலந்தான இருக்குது? நாலடில எவனுங்க ஊடு கட்டுவான்?”

“டவுன்காரன் கட்டுவான். நின்னுக்கிட்டே தூங்குவான்.”

“அந்த பாயிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுத்தான் வாங்களேன்.”

“கேட்டா நெசத்தைச் சொல்லிப்போடுவானாக்கும்! போன தடவை கேட்டதுக்குப் பூந்தோட்டம் வெக்கறோம்னானுக. இப்ப அங்க மூணு மாடி நிக்குது.”

கோடு கல்லாவதற்கு முன் அதனை அழித்துவிடத் துணிந்த அப்பெரியவர், கீரைக்காரர்க்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி ஒன்றைக் கண்டார். கீழ்வானம் வெளுக்கும் வேளையில் மண்வெட்டியோடு சென்று, வாய்க்கால் கரையை இரண்டிடத்தில் வெட்டி, தம் பாத்திகளுக்குப் பாயவேண்டிய நீர் முழுவதையும் திடலுக்குத் திருப்பிவிட்டார். நீர் முதலில் தயங்கியது. பின்பு ஈரக்கை விரித்து மண்ணைத் தடவியது. பின்பு, கன்று நாவால் நக்குவது போல் ஒவ்வொரு கோடாக நக்கியெடுத்தது. ஒன்று கரைந்தது, இரண்டு கரைந்தது, ஏழும் கரைந்தபோது, வெள்ளைக் குழம்பாகிய அச்சேற்றை நோக்கி நின்ற மாசாணத்தின் முகத்தில் பல நாள் காணாத தெளிவு தோன்றிற்று.

கதிரவன் தென்னை உயரம் ஏறியபோது, ஆவாரம்பூக் கூடைகளும் புத்தாடைகளுமாகப் பெண்டிர் கூட்டம் வந்து, சேற்றின் விளிம்பில் திகைத்து நின்றது.

“யா அல்லா! மழை கிழை பேஞ்சுச்சா?” என்றார் முத்தலிப்.

“மானத்துல மேகமே இல்லீங்க பாய். மம்பட்டிதான் பேஞ்சிருக்குது,” என்றாள், வாய்க்கால் வெட்டைக் கண்ட ஒருத்தி.

மாசாணம் ஒளியவில்லை. மண்வெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

“நாந்தான் உட்டேன். என்ன பண்ணிப்போடுவீங்க? சைட்டு போட வேற எடம் பாருங்க. இந்தக் கெழவன் மூணாவது தடவை எந்திரிச்சுப் போகமாட்டான்.”

“சைட்டுங்களா?” என்றார் ராமாமணியம்மாள்.

“ஒண்ணு ரெண்டுன்னு நம்பரு போட்டீங்கல்ல டீச்சரம்மா!”

முத்தலிப் தலையிற் கைவைத்து அப்படியே வரப்பில் அமர்ந்துவிட்டார். “அய்யா, அது ஓட்டப்பந்தயத்துக்குங்க. ஒரு கோட்டுக்குள்ள ஒரு புள்ள ஓடும். அவ்வளவுதானுங்க.”

சிறுமியர் கொல்லென்று சிரித்தனர். மாசாணம் சிரிக்கவில்லை. “இன்னிக்கு ஓடுவீங்க. அடுத்த மாசம் கல்லு நடுவீங்க.”

“கல்லு நடத்தானுங்க போறோம்,” என்றார் ராமாமணியம்மாள் அமைதியாக. “ஆத்தோரத்துல யாரும் கட்டடம் கட்டப்படாது, சுத்தியும் எல்லைக்கல்லு போடுங்கன்னு தாலுக்கா ஆபீசுல எழுதிக் குடுத்தோம். போன வாரந்தான் சரின்னு கையெழுத்தாச்சு. கல்லுக்கு உள்ள என்னென்ன இருக்கோணும்னு இந்தப் படத்துல இருக்குது. நீங்களே எண்ணிக்குங்க.”

தம் பையிலிருந்து எடுத்து அவர் விரித்த தாளில், நீலக்கோடாக ஆறு இருந்தது. மெல்லிய கோடாக வாய்க்கால் இருந்தது. அதனருகே பச்சைக் கட்டங்கள் இருந்தன. மண் படிந்த விரலை ஒவ்வொன்றன்மேலும் ஊன்றி மாசாணம் எண்ணினார். பதினொன்று. தாமும் தம் மனைவியும் அல்லாது வேறெவரும் எண்ணியறியாத பதினொன்று. ஐயம் தீராமல் மீண்டும் எண்ணினார். இம்முறை ஏழாவதில் விரல் நின்றது. அஃது ஒன்றுமட்டும் கோணலாக வளைந்திருந்தது.

“வேப்பமரத்துக்காக அந்தப் பாத்தியை வளைச்சிருக்கீங்கல்லங்க,” என்றார் முத்தலிப். “அதனால நானும் வளைச்சேன். மேட்டு மேல நின்னு ரெண்டு நாள் பாத்து வரைஞ்சனுங்க.”

“அப்ப எங்கிட்ட மொதல்லயே ஏன் சொல்லல?”

“சொல்லத்தானுங்க அப்பவே வந்தோம். நாயை அவுத்து உட்டுட்டீங்க.”

“ரெண்டு தடவை உட்டாருங்க,” என்றாள் சாந்தாமணி, கணவரைக் காப்பாற்றும் எண்ணம் சிறிதுமின்றி.

நெடுந்தொலைவு சுமந்த மூட்டையை இறக்கியவன், இறக்கிய பின்னரே அதன் எடையை அறிவது போல, மாசாணம் வரப்பில் அமர்ந்து மூச்சுவிட்டார். தாளைத் திருப்பி அதன் பின்புறத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டே கொடுத்தார்.

“அதெல்லாஞ் செரி. இதுல உங்களுக்கு என்னம்மா கெடைக்குது?”

ராமாமணியம்மாள் சற்றே எண்ணினார். “எம்பேத்தி அக்ஷிதா, ஆத்தைப் பஸ்ஸுக்குள்ள இருந்துதானுங்க பாத்திருக்கறா. அவ காலு நனையோணும்.”

“நல்லா நனையட்டும். அதுக்குத்தான உட்டு வெச்சிருக்கறேன்!”

அச்சொல்லைக் கேட்டதும் காத்திராமல், எட்டு அகவைச் சிறுமி அக்ஷிதா பாவாடையைச் செருகிக்கொண்டு சேற்றில் குதித்தாள். அவளைத் தொடர்ந்து மற்றோரும் குதித்தனர். கோடுமில்லை, எண்ணுமில்லை, எவள் எவளை முந்தினாள் என்பதை முகம் பார்த்துச் சொல்லவும் முடியவில்லை. தீர்ப்புக் கூறச் சென்ற முத்தலிப் இருமுறை வழுக்கி விழுந்து, மூன்றாம் முறை எழாமலே தீர்ப்புக் கூறினார். பெண்டிர் புதுச்சேலையை மறந்து கும்மி கொட்டினர். ஆவாரம்பூ ஆற்றில் பொன்னெனப் பரந்து கிழக்கே சென்றது. மாசாணம் தாம் வெட்டிய கரையை மட்டும் அடைக்க எழுந்தார், “இருக்கட்டுங்க தாத்தா, இன்னங் கொஞ்சம் உடுங்க!” என்று சேற்றினின்று இருபது குரல்கள் எழவே, மீண்டும் அமர்ந்துவிட்டார்.

சற்றுப்பொழுதில் அவர் அங்கேயே தலைசாய்த்தார். ஆறு வாரங்களாக நாயோடு நாயாய்க் காவலிருந்த கண்கள், அத்தனை ஆரவாரத்தினிடையே, பட்டப்பகலில் மூடிக்கொள்ள, வாய் பிளந்தபடி உறங்கிப்போனார். எழுப்ப வந்த சாந்தாமணி, எழுப்பாமல் அருகமர்ந்து முந்தானையால் ஈ ஓட்டினாள்.

நம்பாதிருந்தது அவர் குற்றமன்று. நம்பி இருமுறை நிலமிழந்தவன் மூன்றாம் முறை மண்வெட்டி எடுப்பதே அறிவு. நம்பத்தக்கோர் வந்து சேர எழுபது ஆண்டு பிடித்தது. வந்தவர்களும் நாடாவும் சுண்ணாம்புமாகவே வந்தார்கள். யாரைச் சொல்லி என்ன? ஆள் இன்னாரென்று அறிய ஓர் அளவை இன்னும் பிறக்கவில்லை. அதுவரை, தம் பாத்தியைத் தம்மைப்போலவே எண்ணியறிந்தவர் ஒருவர் உண்டென்று தெரிந்த நாளில், ஒரு மனிதன் சற்றே கண்ணயரலாம், அது தகும்.