மொட்டு விரியும் வரை பழம் கூடாது

சர்வேயர் மொட்டைமாடியில் பசுமைக்குடில் கட்டிய நாளிலிருந்து அவர் மனைவி ஒரு தடவைகூட அதை அந்தப் பெயரால் அழைத்ததில்லை. கண்ணாடிக் கூண்டு என்பாள். "உங்கப்பா கூண்டுல இருக்கார். சாப்பாடு ஆறுதுன்னு போய்ச் சொல்லு" என்று மகளை அனுப்புவாள். கூண்டுக்குள் அடைபட்டிருப்பது செடியா ஆளா என்று அவர் விவரம் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்கே தெரியும்.

அவர் இன்சூரன்ஸ் சர்வேயர். மோதிக்கொண்ட வண்டிகளைச் சுற்றிவந்து, நசுங்கிய கதவைத் தடவிப் பார்த்து, யார்மேல் தப்பு என்று எழுதிக் கொடுப்பது தொழில். அடுத்தவர் தப்பைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். சொந்தத் தப்பு மூக்குக்கு நேரே வந்து நின்றால் மட்டும் வேறு பக்கம் பார்ப்பார். இதை அவரே நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பதும் உண்டு. வெளியே சொல்லிவிட்டால் பாதி திருந்திய மாதிரி என்று ஒரு நினைப்பு.

குடிலில் அவர் வளர்த்தது ஆர்க்கிட். பொல்லாத பூச்செடி. காற்றில் ஈரம் இருக்க வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. வெயில் வேண்டும், ஆனால் மேலே படக் கூடாது. இதற்கெல்லாம் வழி பண்ண நிழல்வலை, புகைபோலத் தண்ணீர் தூவும் குழாய், சூட்டை வெளியே தள்ளும் காற்றாடி என்று வாங்கிக் குவித்தார். செடிகள் தளதளவென்று இலை விட்டன. அடுத்த வருஷமும் இலை விட்டன. நாலு வருஷமாகப் பூ என்ற பேச்சே இல்லை. ஊரிலிருந்து வந்த மனைவியின் தம்பி குடிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கீரை நல்லா வந்திருக்கு அத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மனைவி தையல் வேலை செய்பவள். கூடத்து மூலையில், செருப்பு அலமாரிக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே மிஷினைப் போட்டு, முழங்கை இடித்தபடி தைப்பாள். மாடி இடத்தை முதலில் கேட்டவள் அவள்தான். கேட்டு முடிப்பதற்குள் இவர் கண்ணாடிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். ஒருநாள் யாரோ நம்பிக் கொடுத்த பட்டுத்துணியில், குளிர்பெட்டியைத் திறந்த மகளின் கையிலிருந்து எண்ணெய்ப் பாத்திரம் கவிழ்ந்தது. அன்று அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இந்த வருஷம் முடியறதுக்குள்ள உங்க செடியில ஒரே ஒரு பூ பூக்கட்டும். அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன், மாடி உங்களோடது. பூக்கலைன்னா என் மிஷின் மேல போகும்."

"சரி" என்றார் சர்வேயர். ஏன் சொன்னோம் என்று அடுத்த நிமிஷமே தோன்றியது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவருக்குப் பழக்கம்தான்.

வருஷம் முடிய இருந்த நேரத்தில் ஒரு செடி தண்டு விட்டது. தண்டில் நாலு மொட்டு. சர்வேயருக்குத் தலைகால் புரியவில்லை. பேத்தி பிறந்ததுபோல் போட்டோ எடுத்து ஆபீஸ் முழுக்கக் காட்டினார். பார்த்தவர்கள் எதற்காகப் பாராட்டுகிறோம் என்று தெரியாமலே பாராட்டினார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் கண் பட்டதோ என்னவோ, காற்றாடி மோட்டார் எரிந்துபோனது. மத்தியானத்தில் குடில் அடுப்பாகக் கொதித்தது. புது மோட்டார் வர நாளாகும் என்றான் கடைக்காரன். மற்றச் செடிகள் எப்படியோ தாக்குப்பிடிக்கும். மொட்டு விட்ட செடியை மட்டும் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார் சர்வேயர்.

"வீட்டுக்குள்ள பூத்தா கணக்குல வருமா?" என்று மகள் கேட்டாள்.

"வரும், வரும். செடி அவரோடதுதானே" என்றாள் மனைவி.

குடிலில் காற்று அவர் சொன்னபடி கேட்கும். வீட்டில் மனிதர்கள் இருந்தார்கள். கிழக்கு ஜன்னல் ஓரமாக ஒரு சின்ன மேஜையைப் போட்டு, தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் தொட்டியை வைத்துவிட்டுச் சட்டங்களை அறிவித்தார். கூடத்தில் மின்விசிறி கூடாது. கொசுவத்தி கூடாது. வாசனைத் தெளிப்பான் கூடாது. மேஜையை யாரும் தொடவே கூடாது. முக்கியமாக, வீட்டுக்குள் பழம் கூடாது.

"பழம் என்னப்பா பண்ணுச்சு?"

"பழுக்கற பழத்துலேருந்து ஒரு வாயு வரும். நம்ம மூக்குக்குத் தெரியாது, மொட்டுக்குத் தெரியும். மஞ்சளாகி உதிர்ந்துடும்."

"செடிக்கு மசக்கைன்னா நமக்குப் பத்தியமா?" என்றாள் மகள்.

பத்தியத்தில் முதலில் தோற்றது சட்டம் போட்டவரின் வயிறு. காலையில் எழுந்ததும் ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் வெந்நீர். இவை இரண்டும் இல்லாவிட்டால் அவருக்கு ஒரு காரியமும் நடக்காது. சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு ஆபீஸ் பையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வீட்டுக்குள் வந்தது. எங்கே ஒளிப்பது? சமையலறை மனைவியின் ராஜ்யம். அலமாரியில் மகள் கை வைப்பாள். வீட்டில் யாரும் தொடாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஜன்னலோர மேஜையின் இழுப்பறையில் சீப்பை வைத்து மூடிவிட்டு, மூடின இழுப்பறையிலிருந்து வாயு எங்கே வரப்போகிறது என்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

முதல் மொட்டு மஞ்சளாகி விழுந்தது. அடுத்தது இரண்டாவது. சர்வேயர் தொழிலில் இறங்கினார். குளிர்பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். மகளின் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். கடைசியில் மிஷின் பக்கம் வந்து நின்றார்.

"நேத்து அந்தப் பட்டுத்துணிக்காரம்மா பையில பழம் கொண்டுவந்தாங்களா இல்லையா?"

"கொண்டுவந்தாங்க. வாசல்லயே வாங்கி எதிர்வீட்டுல குடுத்துட்டேன். போய்க் கேட்டுக்கோங்க."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் தொழிலில் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பழக்க தோஷத்தில் அது வாயில் வந்துவிட்டது.

"மொட்டு விழுந்தா யாருக்கு லாபம்? அதைத்தான் கேக்கறேன்."

மிஷின் நின்றது. மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மாடி வேணும்னா நான் வாயால கேப்பேன்" என்றாள். "கேட்டும் இருக்கேன்." பிறகு குனிந்து மறுபடி தைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் மீதி இரண்டும் உதிர்ந்து கிடந்தன. விபத்து நடந்த இடத்தைப் பரிசோதிக்க சர்வேயர் மேஜையருகே குனிந்தார். இழுப்பறை இடுக்கிலிருந்து கனிந்த வாழைப்பழ வாசனை கும்மென்று அடித்தது. முகத்தில் ஈயாடவில்லை. இழுத்துப் பார்த்தார். மீதிச் சீப்பு கறுத்துப் போயிருந்தது. சட்டென்று மூடினார். ஆபீஸ் பை பக்கத்திலேயே இருந்தது. அதற்குள் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. பையின் வாயைத் திறந்தும் விட்டார்.

அப்போது மனைவி வந்தாள். உதிர்ந்த மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"விடுங்க. மோட்டார் எரிஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? அடுத்த வருஷம் பாத்துக்கலாம். என் மிஷின் எங்க ஓடிப்போகுது, மூலையிலயே கிடக்கட்டும்."

சண்டை போட்டிருந்தால் அவர் பையை மூடிக்கொண்டு போயிருப்பார். இந்தப் பேச்சை அவரால் தாங்க முடியவில்லை. இழுப்பறையைத் திறந்து காட்டினார்.

மனைவி பழத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சத்தம் கேட்டு வந்த மகளும் பார்த்தாள்.

"சர்வேயர் சார், யார்மேல தப்பு?" என்றாள் மகள்.

"முழுக்க என்மேலதான். பாதிக்குப் பாதின்னுகூட எழுத வழியில்லை."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணீர் நிற்கவில்லை. "பூக்கணும்னு நான் எவ்வளவு வேண்டிக்கிட்டேன் தெரியுமா? என்னைப் போய்ச் சொல்லிட்டீங்களே" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். வேறு சாமர்த்தியம் எதுவும் அப்போது கைவசம் இல்லை.

புது மோட்டார் வந்ததும் குடில் காற்றாடியில் அதை மாட்டிவிட்டு, செடிகளையெல்லாம் கீழே இறக்கினார். ஜன்னலுக்கு நாலு போக, மீதி குளியலறைக்குப் போயின. பல் தேய்க்கும்போது இலை காதில் குத்துகிறது என்று மகள் முறையிட்டாள். அவள் ஒரு பக்கம் பிடிக்க, இவர் மறுபக்கம் பிடித்து, இடுப்பு கழன்றுவிடும்போல் மிஷினை மாடிக் குடிலுக்கு ஏற்றினார்கள். மனைவி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே முன்னால் ஏறி வழி காட்டினாள்.

அடுத்த நாள் காலையில் சாவி தேடுகிற சாக்கில் அவரும் மேலே போனார். மனைவி மிஷின்முன் உட்கார்ந்து, நூலை விரலில் திரித்து, ஊசிக்காதில் ஒரே குத்தில் கோத்தாள். கீழே இருந்தவரைக்கும் இதற்கு மகளைத்தான் கூப்பிடுவாள். "எனக்குக் கண்ணு போயிடுச்சு" என்பாள். கண் டாக்டரிடம் போயேன் என்று இவரும் பல தடவை சொல்லியிருந்தார். அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அந்த மூலையில் வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான். செடிக்கு வெளிச்சம் போதுமா, அதிகமா என்று நாலு வருஷம் மாடிப்படி ஏறி இறங்கிய மனிதர், ஒவ்வொரு தடவையும் அந்த மூலையைத் தாண்டித்தான் போய்வந்தார்.

"சாவி கிடைச்சுதா?" என்று கேட்டாள் மனைவி, தையலிலிருந்து தலையை எடுக்காமல்.

"தேடிக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அவர் குடிலின் வாசல்படியில் உட்கார்ந்தார்.