“மாத்திடலாம் டாக்டர்”

குப்புறப் படுத்திருந்தாள். மார்புக்கு நேராக மேசையில் இரண்டு பள்ளங்கள், முகத்துக்கு ஒரு வளையம், கைகள் தலைக்கு மேல். எம்ஆர்ஐ குழாய்க்குள் போன பிறகு கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மூக்குக்குக் கீழே ஒரு சாண் வெள்ளைப் பிளாஸ்டிக்தான்.

“அக்கா, அசையாதீங்க,” என்றது ஹெட்போனில் ஸ்கேன் எடுக்கும் பெண்ணின் குரல். இயந்திரம் தடதடவென்று இடிக்கத் தொடங்கியது.

பதினான்கு வருடங்களுக்கு முன் ஆசைப்பட்டு வைத்துக்கொண்ட சிலிகான் இம்ப்ளான்ட். யாரும் வற்புறுத்தவில்லை. இரண்டாவது குழந்தை பால் மறந்த பிறகு கண்ணாடி முன் நிற்கவே பிடிக்காமல் போயிற்று. வைத்த பின் பிடித்தது. இப்போது இடது பக்கம் கல்லாக இறுகிவிட்டது. ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை.

“ஆயுசுக்கும் வராதும்மா,” என்றார் டாக்டர் போன வாரம். “பத்து, பதினஞ்சு வருஷம் வரும், சிலருக்கு அதுக்கு மேலயும். வருஷம் ஆயிடுச்சுன்னு மட்டும் மாத்த வேணாம். தொந்தரவு இருந்தாலோ, கிழிஞ்சாலோதான். உங்களுக்கு இறுகிடுச்சு, எப்படியும் எடுக்கணும். கிழிஞ்சிருக்கான்னு ஸ்கேன்ல பார்ப்போம். திரும்பப் புதுசு வைக்கிறதா, வேணாமான்னு...”

“மாத்திடலாம் டாக்டர்,” என்றார் அவள் கணவர். டயர் கடைக்காரர். “ரெண்டையும் சேர்த்தே மாத்திடுங்க. ஒண்ணு பழசு ஒண்ணு புதுசுன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.”

டாக்டரே சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பே சம்மதமாகிவிட்டது. கணவரே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தன் தங்கையை வரச் சொன்னார். எல்லாம் அன்பாகத்தான். அதனால்தான் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. இன்று மாற்றினால் ஐம்பத்தெட்டு வயதிலோ அறுபதிலோ இன்னொரு கத்தி. அதற்கப்புறமும் ஒன்று.

சத்தம் நின்றது. அவசரத்துக்குக் கூப்பிடக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்தினாள்.

“என்னக்கா, மூச்சு முட்டுதா?”

“இல்ல. எங்க வீட்டுக்காரரை மைக்குக்குக் கூப்பிடும்மா.”

“இப்பவா?”

“இப்பதான். மூஞ்சியப் பார்த்தா எனக்குப் பேச்சு வராது.”

அவர் வந்துவிட்டதாகச் சொன்னாள் அந்தப் பெண்.

“என்னங்க, எடுத்துட்டாப் போதும். புதுசு வேணாம். இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு என்னால முடியாது. அன்னிக்கு ஆசைப்பட்டது தப்பில்ல. அந்த ஆசை தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான்.”

பதில் இல்லை. மூக்கு நுனியில் வியர்வை திரண்டது. துடைக்கக் கை வராது. தலையைத் திருப்பவும் வழியில்லை. கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாரா?

“என்னங்க?”

பட்டன் அழுந்தும் சத்தத்தோடு அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. “சார், இந்தப் பட்டனை அழுத்திட்டுப் பேசுங்க. இல்லன்னா அவங்களுக்குக் கேக்காது.”

“அடக் கடவுளே, இவ்வளவு நேரம் செவுத்துக்கா பேசினேன்?”

“என்ன பேசினீங்க?”

“திட்டினேன். டாக்டர்கிட்டயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்னன்னு. நீ எங்க சொல்றது, நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டேனே. சரி, வீட்ல பேசிக்கலாம்.”

“வீட்ல நீங்க ஜோக்கடிப்பீங்க, நான் சிரிச்சுத் தொலைப்பேன். இங்கயே சொல்லுங்க.”



“அப்ப கண்ணாடியப் பார்த்து நீ அழுதியே, மறுபடி அப்படி அழுவியோன்னு பயம்மா.”

“அழுதா அழுதுட்டுப் போறேன். பக்கத்துல நீங்க இருங்க, போதும்.”

“அக்கா, நானும் இங்கதான் இருக்கேன்,” என்றது பெண்குரல்.

“சரி,” என்றார் அவர். “டாக்டர்கிட்ட நீயே சொல்லு. நான் வாயத் திறந்தா என்னன்னு கேளு.”

“சொல்றேன்.”

பட்டனிலிருந்து அவர் இன்னும் விரலை எடுக்கவில்லை. “ஏம்மா, சீக்கிரம் எடும்மா, அவளுக்கு வலிக்கும்,” என்று அந்தப் பெண்ணிடம் அவர் சொல்வது கேட்டது. வலிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இடி மறுபடி தொடங்கிவிட்டது.